கர்நாடகத்தைத் தொட்டுவிட்டு வந்தவர்கள்

என் மாமா எம்.பி.யாக இருந்தவர் என்று ஆறாம் வகுப்பில் நான் பெருமையடித்துக்கொண்டபோது, டீச்சர் எந்தத் தொகுதி என்று கேட்டார். தொகுதி எனக்குத் தெரியவில்லை. சிவப்புத் தொப்பியும் வெள்ளை பெல்ட்டும் போட்டிருப்பார், கையில் கட்டிய பட்டையில் எம்.பி. என்று எழுதியிருக்கும் என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுதபோதுதான் அது மிலிட்டரி போலீஸ் என்பதன் சுருக்கம் என்று மாமா விளக்கினார். ராணுவத்துக்குள்ளேயே இருக்கிற போலீஸ். பட்டாளத்துக்காரர்களையே நிறுத்திக் கேள்வி கேட்கிறவர்கள். எனக்கு அது நாடாளுமன்றத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி ஆபீசராகச் சேர்ந்து, கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே எங்கோ இருப்பார். அம்மா முதல் ஷிப்டு. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். ஆகவே எனக்குச் சடை பின்னிவிடுவது மாமாதான். பூட்ஸுக்கு லேஸ் கட்டுகிற மாதிரி இழுத்துப் பின்னுவார். சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது. கண் ஓரம் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அவருடைய பெட்டியில் அந்த வெள்ளை பெல்ட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, ராணுவ லாரிகள் வரிசையாகக் கான்வாய் வந்தால் எப்படிக் கை காட்டி வண்டிகளை நிறுத்துவது என்று சொல்லிக் கொடுப்பார். தெருவில் வருகிற தண்ணீர் டிராக்டரை நான் கை காட்டி நிறுத்தியிருக்கிறேன். டிரைவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே நிறுத்தினான். "பெரியவளானதும் இந்த பெல்ட் உனக்குத்தான் கண்ணு" என்று மாமா சொல்லியிருந்தார். அதை நான் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள்.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. பாரூரில் இருக்கும் பெரியப்பாவின் மகள். பெரியப்பாவுக்கு அங்கே ஏரிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் கரும்பும். அக்காவுக்குப் பத்தொன்பது வயது. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து, எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு போய்வருவதாக ஏற்பாடு. வந்த இரண்டாவது வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மிலிட்டரி போலீசில் இப்போது பெண்களையும் எடுக்கிறார்களாமே, தான் போகலாமா என்று மாமாவிடம் கேட்டாள்.

மாமா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எதுக்குப் போகணும்ங்கற?"

"யூனிபார்ம் போடணும் மாமா."

"யூனிபார்ம் பஸ் கண்டக்டருக்கும்தான் குடுக்கறாங்க." சிரிக்காமல் சொன்னார். "இந்த வேலைல எதிரிய நீ பாக்கவே மாட்ட. பாக்கறதெல்லாம் நம்ம பசங்களத்தான். லீவு முடிஞ்சு வராதவன், குடிச்சுட்டு வண்டி ஓட்டுனவன், அடிச்சுக்கிட்டவன். நீ கேன்டீனுக்குள்ள போனா பேச்சு நின்னுடும். அதத் தாங்குவியா?"

அக்கா யோசித்தாள். தாங்குவேன் என்றாள். அப்படியானால் நாளை காலையில் எழுந்து ஓடு, பார்க்கலாம் என்றார் மாமா.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அவர் என்னிடம் எத்தனையோ பேசியிருக்கிறார், ஆனால் அந்தக் குரலில் ஒரு நாளும் பேசியதில்லை. என்னிடம் பேசும்போது குரலில் ஒரு சிரிப்பு எப்போதும் ஒளிந்திருக்கும். அவளிடம் அது இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

மறுநாளிலிருந்து அம்மா பஸ் ஏறியதும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். ஏரிக்கரையைச் சுற்றி, சர்வீஸ் ரோடு வழியாக மாநில எல்லைப் பலகை வரை போய், அதைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள். தினமும் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அவர்கள் கர்நாடகம் போய்வந்துவிட, நான் மட்டும் தமிழ்நாட்டில் போர்வைக்குள் கிடந்தேன். நானும் வருகிறேன் என்று ஒரு நாள் அழுது அடம்பிடித்துப் போனேன். ஏரி மதகைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டுப் போனார்கள். லாரிகளுக்கு நடுவே இரண்டு பேரும் சின்னதாகிச் சின்னதாகி மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார் என்று எண்ணினேன். அவர் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினார்.

பிறகு எல்லாவற்றையும் கணக்கெடுக்கத் தொடங்கினேன். அவளுக்கு இரண்டு முட்டை, எனக்கு ஒன்று. அவளுக்குக் கேழ்வரகுக் களியில் நெய், எனக்கு வெறும் குழம்பு. அவசரத்தில் என் சடை ஒற்றைச் சடையாகிவிட்டது. மாமா என் அம்மாவின் தம்பி. காது குத்தும்போது அவர் மடியில் உட்கார்ந்தது நான். எனக்குத்தான் அவர் தாய்மாமன். அவளுக்கு வெறும் முறைக்கு மாமா. இந்த வித்தியாசம் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, மாமா பெட்டியைத் திறந்து வெள்ளை பெல்ட்டை எடுத்தார். அக்காவின் இடுப்பில் வைத்து அளவு பார்த்தார். ஆணியைக் காய்ச்சி, பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டார். அவள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். ஒரே சுற்றில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"உனக்குத் தரேன்னு சொன்னாரு இல்ல? ஒரு நிமிசம் போட்டுப் பாத்துட்டுக் குடுத்துடறேன்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் வெளியே போய்விட்டேன்.

அம்மாவின் கம்பெனிக்குள் கேமரா வைத்த போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அவளுடைய பழைய போன் வீட்டில் என் பொறுப்பில்தான் இருக்கும். அன்றைக்கு அக்கா ஷிப்டுக்கும் மாமா டூட்டிக்கும் போன பிறகு நான் பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அக்கா பட்டாளத்துக்குப் போக ஆசைப்படுவது தெரிந்தால் பெரியப்பா அன்றைக்கே வந்து கூட்டிப்போய்விடுவார், ஆகவே தேர்வான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். மிலிட்டரி என்ற சொல்லைப் பெரியப்பாவிடம் எடுக்கவே கூடாது என்று அம்மா தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியத்தை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குப் பயம். ஆகவே அந்தச் சொல்லைச் சொல்லாமலே பேசுவது என்று தீர்மானித்தேன்.

"பெரியப்பா, அக்காவ வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

"ஏன் கண்ணு, என்னாச்சு?"

"அம்மா பஸ் ஏறுனதும் மாமாவும் அக்காவும் தெனமும் எங்கியோ போயிடறாங்க. என்ன விட்டுட்டுப் போயிடறாங்க."

அந்தப் பக்கம் பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அது மட்டும்தான் கேட்டது.

"எங்க போறாங்க?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

பெரியப்பா வேறு ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டார். சத்தியத்தையும் காப்பாற்றிவிட்டேன், காரியத்தையும் முடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே திருப்தி.

மறுநாள் ஞாயிறு. அம்மாவுக்கு லீவு. ஓடப் போனவர்கள் வேர்த்து வழிய, எதற்கோ சிரித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியபோது பெரியப்பா எங்கள் வாசலில் நின்றிருந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். அவர் மகளைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார்.

"நம்பி அனுப்புன வீட்டுலயா மாப்ளே?"

அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. ஆனால் மாமாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்திலிருந்த ரத்தம் வடிந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். அக்கா வாயில் துண்டை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

அம்மாதான் பெரியப்பாவைப் பார்த்துக் கத்தினாள். "என்ன பேச்சு பேசறீங்க! யாரு சொன்னது உங்களுக்கு? அது மிலிட்டரி செலக்‌ஷனுக்கு ஓடிக்கினு இருக்குது. நான்தான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னேன்." உள்ளே ஓடி, கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பெரியப்பா அதை வெகுநேரம் பார்த்தார். யார் சொன்னது என்ற கேள்விக்கு, போன் வந்தது என்று மட்டும் சொன்னார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கோபம் தணிந்ததா, வேறு கோபம் வந்ததா, தெரியவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்கு ஒரு பொண்ணு இருந்தா இந்த வேலைக்கு அனுப்புவியா? உண்மையச் சொல்லு" என்றார் மாமாவிடம்.

மாமா நின்றுகொண்டேதான் பேசினார்.

"ஒரு பையன் மச்சான். லீவு முடிஞ்சும் வரல. கூட்டிக்கிட்டு வரச் சொல்லி என்ன அனுப்புனாங்க. போனா, அவங்கம்மாவோட நடவு நட்டுக்கினு இருக்கறான். அவங்கப்பா செத்துப்போய் வயல் கெடக்குது. அந்த வரிசைய முடிச்சுட்டு வாடான்னு வரப்புல நின்னேன். அந்தம்மா எனக்கும் சோறு போட்டுச்சு. தின்னேன். தெருவத் தாண்டுனப்புறம்தான் வெலங்கு மாட்டுனேன். செஞ்சது சரிதான், ஆனா இன்னைக்கு வரைக்கும் அந்தச் சோறு எனக்குச் செரிக்கல. உங்க பொண்ணு இந்த வேலையச் செய்வா. என்னவிட நல்லாவே செய்வா. செஞ்சுட்டு வந்து தனியா உக்காந்து சாப்புடுவா. அது முடியுமான்னு அவளக் கேளுங்க. என்னக் கேக்காதீங்க."

அக்கா, "நான் அந்த வேலைக்குப் போறேன்பா" என்று மெதுவாகச் சொன்னாள். பெரியப்பா அவள் பையை எடுத்துக்கொண்டார். பத்து மணி பஸ்ஸில் இருவரும் போய்விட்டார்கள்.

அந்த வருடம் அக்கா தேர்வுக்குப் போகவில்லை. பாரூரில் கரும்புக் காட்டு வண்டித்தடத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டோம். அடுத்த முறை ஆள் எடுத்தபோது பெரியப்பாவே கூட்டிப்போய் மைதானத்துக்கு வெளியே வெயிலில் நின்றாராம். தேர்வாகிவிட்டாள். பெங்களூரில் பயிற்சி முடித்து, இப்போது வடக்கே ஒரு கன்டோன்மென்டில் இருக்கிறாள். லீவில் வரும்போது எனக்கு ஏதாவது வாங்கி வருவாள். தனியாகச் சாப்பிடுகிறாயா என்று ஒரு தடவை கேட்டேன். "பழகிடுச்சு" என்றாள்.

நானும் இப்போது ஒரு கம்பெனியில்தான் இருக்கிறேன். போன வருடம் எங்கள் விடுதியில், ஒரு பெண் சூப்பர்வைசரோடு தினமும் எங்கோ போகிறாள் என்று யாரோ வார்டனிடம் சொன்னார்கள். சொன்னது அவ்வளவுதான். அதைக் கேட்ட வார்டனின் முகம் மாறிய விதத்தைப் பார்த்தபோது, பம்புசெட் சத்தம் திடீரென்று என் காதில் கேட்டது. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு நான் பெரியப்பாவிடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மாமா போனதைச் சொல்லவில்லையே. அதே ஞாயிறு மத்தியானம் பெட்டியைக் கட்டினார். கம்பெனிக்குப் பக்கத்தில் ரூம் பார்த்துக்கொள்கிறேன், டூட்டிக்கு வசதி என்றார். அம்மா அழுதாள், தடுக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. அக்கா போனால் மாமா எனக்குத் திரும்பி வருவார் என்பதுதான் என் கணக்கு. இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆட்டோ கூப்பிட வேண்டும், தன் போனில் சார்ஜ் இல்லை என்று அம்மாவின் போனைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். எண்ணை அழுத்தாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரலால் ஏதோ தட்டினார். ஆட்டோக்காரரிடம் பேசிவிட்டு, போனை அம்மாவிடம் தராமல் என் கையில் கொடுத்து, என் தலையில் ஒரு நிமிடம் கை வைத்திருந்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் எனக்குத் திக்கென்றது. அம்மா பார்த்துவிட்டால்? ஓடிப்போய், போனில் பேசிய எண்களின் பட்டியலைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா சித்திக்குப் பேசியது இருந்தது. சனிக்கிழமை மாலையில் அப்பா கூப்பிட்டது இருந்தது. நடுவில் பெரியப்பாவுக்கு நான் பேசியது மட்டும் இல்லை. பழைய போன்தானே, தானாகவே அழிந்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.