அப்பா விட்ட எள்ளுத் தண்ணீர்

காலையில் மருமகள் எள்ளுருண்டைக்காக எள் களைந்துகொண்டிருந்தாள். ஈர எள்ளின் வாசனை வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் ஏழு முறை நடந்துவிட்டேன்.

ஐம்பத்தேழாம் வருடம், ஆடி அமாவாசை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் அப்பா பதினோராவது படியில் நின்றார். எனக்கு ஒன்பது வயது. யுத்த காலத்தில் மலேயாத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போட ஓட்டிச் சென்ற தமிழர்களில் அவரும் ஒருவர். கூடப் போனவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததை ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். அப்பா வாய் திறந்ததே இல்லை.

தர்ப்பணத்தின் முடிவில், நாதியில்லாமல் செத்தவர்களுக்கு ஒரு கை எள்ளுத் தண்ணீர் விடச் சொல்வார்கள். அப்பா விட்டார். மறுபடியும் விட்டார். நிறுத்தவே இல்லை. நான் எண்ணத் தொடங்கினேன்.

"ஒரு தடவை விட்டா போறுமே! காவேரியையே இறைச்சுடுவீர் போலிருக்கே. பின்னால எத்தனை பேர் நிக்கறா பாரும்," என்றார் சாஸ்திரிகள்.

"இன்னும் இருக்காங்க சாமி."

நாற்பத்தொன்று வரை எண்ணினேன். "எண்ணாதடா," என்று அம்மா என் முகத்தைப் புடவையில் அழுத்திக்கொண்டாள்.

திரும்பும் வழியில், "அவங்கள்லாம் யாருப்பா?" என்றேன்.

"வெயில் ஏறுது. வெரசா நட."

அப்பா போய் முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. தர்ப்பணம் இப்போது என் பொறுப்பு. ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது. நாற்பத்தொன்றுக்குப் பிறகு எத்தனை பேர் என்றும் தெரியாததால், பின்னால் நிற்பவர்கள் திட்டும்வரை விட்டுக்கொண்டே இருக்கிறேன்.