பத்துக்கு எத்தனை?

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பூரணிக்கு நோவு என்பதே கிடையாது. தோட்டமே அப்படித்தான் சொல்லும். அவள் வாயால் 'நோகுது' என்று கேட்டவர் இருந்தால்தானே! மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கணுக்கால் வீங்கிய அன்றும் தன் பங்குத் தேயிலை நிரையை முடித்துவிட்டுத்தான் லயத்து வீட்டுக்கு இறங்கினாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை முதுகு நோகுதென்று சொல்லிப் பார்த்தாள். "நல்லா நடிக்கிற புள்ள, சினிமாவுக்குப் போயிருக்கலாம்" என்றார் அன்றிருந்த கங்காணி. மலையே சிரித்தது. அன்று மூடிய வாய்தான்.

அந்த மகராசிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, வயிற்றைக் கீறி எடுக்க வேண்டியதாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் விஜிதரன் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றின் இரண்டு பக்கமும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். சிலருக்குப் பூபிவகெயின், சிலருக்கு ரோபிவகெயின். எது நோவை நன்றாக அடக்குகிறது என்று பார்க்க வேண்டும். யாருக்கு எது போட்டார்கள் என்று நோயாளிக்கும் தெரியாது, கேட்டு எழுதுகிற டாக்டருக்கும் தெரியாது. பூரணிக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியிலும் என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. தலைக்கும் காலுக்கும் அதே வெள்ளை மாத்திரைதான்.

நர்ஸ் ரிஸ்லா விளக்கிச் சொன்னாள். "அக்கா, நோவே இல்லன்னா பூஜ்ஜியம், உசுரு போற நோவுன்னா பத்து. நாலுக்கு மேல சொன்னீங்கன்னா வேற ஊசி போடுவோம், ஒடனே அடங்கிரும்."

மறுநாள் காலை மரப்பு விட்டது. அடிவயிற்றில் யாரோ தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்து அறுப்பது போலிருந்தது. டாக்டர் வந்து, "நோவு எத்தனைம்மா?" என்றார். எட்டு என்று நாக்கு நுனிவரை வந்தது. கூடவே அந்தக் கங்காணியின் சிரிப்பும் வந்தது.

"பூஜ்ஜியங்க சேர்."

"கொஞ்சம் இருமுங்க பார்ப்போம்."

தோட்டத்துத் துரைக்கு முன்னால் இருமுவது போல, சத்தம் வெளியே வராமல் இருமினாள். "இப்பவும் பூஜ்ஜியந்தாங்க."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. மத்தியானம் இன்னும் நாலு டாக்டர்களைக் கூட்டிவந்து, கோயில் தேரைக் காட்டுவது போல் அவளைக் காட்டினார். ஆனானப்பட்ட பெரிய டாக்டரே தலையாட்டிவிட்டுப் போனார். இத்தனை பேர் பாராட்டின பிறகு எப்படி நோகுது என்பது? போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஹட்டன் கடைக்காரர் மனைவி ஸாலிஹா. அதே ஆபரேஷன்தான். "பத்து! பத்துக்கு மேல எத்தனை இருக்கோ அத்தனையும்!" என்று வார்டு அதிரக் கத்தினாள். ஊசி வந்தது. அப்புறம் குறட்டை வந்தது. 'என்ன பொம்பளையோ, கூச்சமே இல்ல' என்று பூரணி முதலில் முகத்தைச் சுளித்தாள். சாயங்காலம் ஆக ஆக அந்தக் குறட்டைமேல் அவளுக்கு வயிறெரிந்தது. ஐயோ, ஒரு சொல், ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும். அதுதான் வரவில்லை.

கடைசியில் அவளைக் காப்பாற்றியது தேயிலைதான். வார்டில் பால் ஊற்றாத பிளேன்டீ கொடுத்தார்கள். ஆயுசு பூராவும் தளிர் பார்த்துக் கிள்ளியவளுக்குக் கூட்டிப் பெருக்கிய தூளில் ஊற்றிய சாயம். ஒரு வாய்தான் குடித்தாள், புரையேறிவிட்டது. இருமினாள் பாருங்கள், அது நிஜமான இருமல்! கண்ணில் பூச்சி பறந்தது.

"பத்து! அட நாசமாப் போறவங்களே, பத்துடா!"

டாக்டர் ஓடிவந்தார். ஊசி போடச் சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் தொங்கப்போட்டார். நல்ல மனுஷன். "காலையில பூஜ்ஜியம்னு சொன்னீங்களேம்மா?"

"அது ஒங்களுக்குச் சொன்னதுங்க சேர். இது எனக்கு."

ஊசி ஏறியது. பூரணியும் குறட்டை விட்டாள்.

எந்த மருந்து ஜெயித்தது என்று அவளுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. லீவு முடிந்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். பாதி நிரையில் தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. பையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டாள். இப்போதைய கங்காணி சின்னராசா மேலே நின்று கத்தினார்.

"என்னா ஒக்காந்துட்ட? நோகுதா, இல்ல நடிப்பா?"

"ஆறுங்க."

"என்னா ஆறு?"

"பத்துக்கு ஆறு. நாலுக்கு மேல போனா கவனிக்கணும்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. வேணும்னா டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க."

சின்னராசா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். எண் சொன்னவளை நடிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

மேல் நிரையில் நாகலெட்சுமி நின்றிருந்தாள். அவளுக்கும் நோவே கிடையாது என்றுதான் தோட்டம் சொல்லும். தலைக்கயிற்றைக் கழற்றிப் பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஏழுங்க கங்காணி" என்று சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை மலை சிரிக்கவில்லை.