தெருமுனைப் பலகையின் மூன்றாம் விதி

அம்பத்தூரில் எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் மஞ்சள் நிறத் தகரப் பலகை ஒன்று தொங்கியது. அதில் ஐந்து விதிகள். ஐந்தையும் எழுதியவன் நான். குடித்துவிட்டு வண்டி எடுக்கக் கூடாது, கர்ப்பிணிகளைக் காக்க வைக்கக் கூடாது என்ற மாதிரியான நான்கைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நான் சட்டம் படித்தவன். கோர்ட்டுப் படி ஏறியதில்லை. அரசு அலுவலகம் ஒன்றின் சட்டப் பிரிவில் உட்கார்ந்து முப்பது வருடம் விதிகளை எழுதினேன், பிறர் எழுதியதைத் திருத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு கை அரித்தது. எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டுக்குப் பதினோரு விதிகள் எழுதி ஒட்டினேன். யாரும் படிக்கவில்லை. லிஃப்டும் அதிக நாள் ஓடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டாண்டுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும்; சீவ முடிதான் இல்லை.

"சார், ஆயுத பூஜைக்கு புச்சா போர்டு வெக்கிறோம். வெளி வண்டிங்க நம்ம ஸ்டாண்டாண்ட வந்து ஆள ஏத்திகினு போவுது. நீங்கதான் படிச்சவரு. ஸ்ட்ராங்கா எய்திக் குடுங்க."

எல்லா ஸ்டாண்டுக்கும் உள்ள வழக்கம்தான் அது. வெளி வண்டி இங்கே ஆளை இறக்கலாம், ஏற்றக் கூடாது. அதை ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அவரும் அவ்வளவுதான் கேட்டார். நான் விடவில்லை. வெளி வண்டி என்றால் எது? வரையறை வேண்டாமா? ஒரு வாரம் யோசித்து, நாலு தடவை கிழித்துப் போட்டு எழுதினேன்: "இந்த வார்டில் ரேஷன் கார்டு உள்ள ஓட்டுநர் தவிர வேறெவரும், எந்த நேரத்திலும், எக்காரணம் கொண்டும், இங்கு சவாரி ஏற்றுதல் ஆகாது."

ரேஷன் கார்டு என் யோசனை. 'எந்த நேரத்திலும்' என்பதும் என் கைவண்ணம்தான். அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஆயுத பூஜையன்று வண்டிகளுக்கெல்லாம் மாலை போட்டு, ஸ்பீக்கர் கட்டி, பூசணிக்காய் உடைத்துப் பலகையைத் திறந்தார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். கையில் பொரிகடலைப் பொட்டலத்துடன் சால்வையோடு வீடு திரும்பினேன். "லிஃப்டுக்கு எழுதினப்ப யாரும் சால்வை போடலியே" என்றாள் மனைவி.

அன்றோடு ஒருவருடைய மத்தியானப் பிழைப்பு நின்றுபோனது.

அவர் வேப்பம்பட்டிலிருந்து வரும் பெண் ஆட்டோ ஓட்டுநர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்கு வரும் மூன்று பெண்களைக் காலையில் ஏற்றி வந்து இறக்குவார். மாலை அவர்களையே ஏற்றிக்கொண்டு திரும்புவார். நடுவில் அவருக்குச் சவாரி இல்லை. ஆனால் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை எங்கள் ஸ்டாண்டு ஆட்கள் சாப்பிட்டுவிட்டுப் பின் சீட்டில் காலை நீட்டித் தூங்குவார்கள். அந்த நேரத்தில் வருகிற சவாரிகளை அவர் ஏற்றிக்கொள்வார். யாரும் அனுமதி கொடுத்ததில்லை, யாரும் தடுத்ததுமில்லை. ஐந்து வருடம் அப்படியே ஓடியிருக்கிறது. என் மனைவியே பல் டாக்டரிடம் அவர் வண்டியில்தான் போய் வந்தாள்.

பலகை வந்த பிறகு ஸ்டாண்டில் ஒருவர் அவரிடம் அதைக் கை நீட்டிக் காட்டியிருக்கிறார். "எந்த நேரத்திலும்னு எய்திகீது, அக்கா. படிச்சவரு எய்தினது."

அதன் பிறகு காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை, எதிர்ச்சாரியில் தூங்குமூஞ்சி மரத்தடியில், அவர் காலி வண்டியில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியும். தினமும் பார்த்தேன். ஒரு நாள் அவர் "வணக்கம் சார்" என்று சொன்னபோது கையிலிருந்த பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். விதி என்று ஒன்று இருந்தால் யாருக்காவது இடிக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலுவலகத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொள்வது வழக்கம். இப்படி ஏறக்குறைய ஒரு வருடம்.

பிறகு என் மகனிடமிருந்து போன் வந்தது.

அவன் வளைகுடா நாடு ஒன்றில் செல்போன் கடையில் வேலை பார்த்தான். ஏழு வருடம். அந்த நாட்டில் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள். செல்போன் விற்பதும் பழுது பார்ப்பதும் இனி அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டார் ஆறு மாதத்துக்குள் விலகிவிட வேண்டும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்கு பக்கம் மனு எழுதினேன். உழைப்பவனின் திறமையைப் பார்க்காமல் பிறந்த இடத்தைப் பார்ப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று ஆரம்பித்து, அடுக்கிக்கொண்டே போனேன். நன்றாக வந்திருந்தது. யாரிடமாவது படித்துக் காட்டாமல் இருக்க முடியவில்லை. ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். படித்துக் காட்டினேன்.

தலைவர் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அந்த ஊர்ல ரேஷன் கார்டு கேக்கறானா சார்?"

பக்கத்திலிருந்தவர் தொடையைத் தட்டினார். "மாமே, இது நம்ம மூணாம் நம்பருடா! சார் கிட்ட கேட்டு எய்திகினு பூட்டானுங்க."

"விளையாடாதீங்க. அது ஒரு நாடு. இது தெருமுனை" என்றேன்.

"அது கொஞ்சம் பெரிய ஸ்டாண்டு சார். அவ்ளோதான."

"ஏழு வருஷம் உழைச்சிருக்கான் என் பையன்."

"அக்காகூட அஞ்சு வருசம் ஓட்டிச்சி" என்றார் தலைவர், மரத்தடியைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப நீங்க ஏன் தடுத்தீங்க?"

"நாங்க எங்க சார் தட்த்தோம்? போர்டுல்ல தட்த்துது."

டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். மனுவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய எதற்கும் இவ்வளவு சரியான மறுப்பு வந்ததில்லை.

சாயங்காலம் மகனிடம் மனுவைப் பற்றிச் சொன்னேன். அவன் பதறிப்போனான்.

"அப்பா, அதை எங்கேயும் அனுப்பிடாதீங்க. என் இடத்துக்கு இந்த ஊர்க்கார அம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. மூணு பிள்ளைங்க. அவங்களுக்கு இதுதான் முதல் வேலை. நான்தான் கத்துக் குடுக்கறேன். என்கிட்ட வாயே திறக்காத கஸ்டமரெல்லாம் அவங்ககிட்ட கதை பேசறாங்க."

"அப்ப சட்டம் சரிங்கறியா?"

"சரின்னு சொல்லலைப்பா. ஏழு வருஷம் இருந்தேன். எழுபது வருஷம் இருந்தாலும் வெளியாள்தான்னா எப்படி? அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா ஆறு மாசம் டைம் குடுத்தாங்க இல்ல? கிடங்கு வேலைக்கு மாறிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அது இன்னும் நம்மள மாதிரி ஆளுங்களுக்குத் திறந்துதான் இருக்கு."

ஆறு மாதம். நான் கொடுத்தது ஒரு பூசணிக்காய் உடைக்கிற நேரம்.

மறுநாள் காலை மரத்தடிக்குப் போனேன். அவர் மடியில் பேப்பரை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பலகை... அதை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார். சோக்கா எய்திகீறீங்க. தெனம் படிக்கிறேன். எனக்கு வேற வேல இல்லியே."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு காம்பை உருவியபடியே, "நீங்க எந்த ஊரு சார்?" என்று கேட்டார்.

"திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து நாற்பது வருஷமாச்சு."

"நான் பொறந்ததே இங்கதான். உங்க அபார்ட்மெண்டுல லிஃப்டு கீது பாருங்க, கரீட்டா அந்த எடத்துலதான் எங்க ஊடு. இடிச்சிட்டாங்க. வாடக ஏறிப் போச்சு, வேப்பம்பட்டு பூட்டோம்." காம்பை வெளியே எறிந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அதனால நீங்க லோக்கலு, நான் வெளி வண்டி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார். ஸ்டாண்டில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும் என்றும், தெரியாத ஒரே ஆள் விதியை எழுதியவன்தான் என்றும் அப்போதுதான் புரிந்தது.

என் மகனின் கதையைச் சொன்னேன். எனக்கு ஆறுதலாகச் சட்டத்தைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"அந்த ஊரு பொம்பளைக்கு வேல கெடச்சிதுல்ல, அது நல்லதுதான் சார். உங்க புள்ளையும் பாவந்தான். ரெண்டுந்தான்." பிறகு ஸ்டாண்டுப் பக்கம் கையைக் காட்டினார். "ரூலே வேணாம்னு நான் சொல்லல. ரூலு இல்லன்னா ஆவடி வண்டி, பூந்தமல்லி வண்டி அல்லாம் இங்கதான் வந்து நிக்கும். உள்ள வர்றதுக்கு இன்னா வயின்னு ஒரு வரி சேத்து எய்தியிருக்கலாம். அந்த ஒரு வரிதான் கேக்கறேன்."

முப்பது வருடம் நான் எழுதிய விதிகளையெல்லாம் ஒரு முறை மனத்தில் புரட்டிப் பார்த்தேன். யாரை நிறுத்துவது என்று எழுதியிருந்தேன். நிறுத்தப்பட்டவர் பிறகு என்ன செய்யலாம் என்று எதிலாவது எழுதினேனா என்று எனக்கு நினைவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மூன்றாம் விதிக்கு ஒரு திருத்தம் எழுதினேன். உட்பிரிவுகளோடு மூன்று பக்கம் வந்தது. தலைவரிடம் நீட்டினேன். அவர் கையை எடுத்துக் கும்பிட்டார்.

"கோச்சிக்காதீங்க சார். இந்தவாட்டி நீங்க எய்த வேணாம்."

அவர்களே கூடிப் பேசினார்கள். நானும் ஓரமாக நின்றேன். மூன்று வருடம் வந்தால் போதும் என்றார் ஒருவர், பத்து என்றார் இன்னொருவர். ஐந்தில் வந்து நின்றது. தலைவர் சொல்லச் சொல்லப் பெயிண்டர் அப்படியே எழுதிவிட்டார்: "வெளி வண்டி ஏத்தக் கூடாது. அஞ்சு வருசம் வந்துகினு இருந்தா அது வெளி வண்டி இல்ல." அரசாங்க நடையில் ஊறிய எனக்கு உடம்பு கூசியது. திருத்தச் சொல்லி நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஆனால் என் மூன்று பக்கங்களில் இல்லாத ஏதோ ஒன்று அந்த இரண்டு வரிகளில் இருந்தது.

அந்த வருடம் சால்வை மரத்தடியில் உட்கார்ந்திருந்தவருக்கு. வேப்பம்பட்டு வண்டி வரிசையில் பதினான்காவதாக மாலையோடு நின்றது. நான் கை தட்டினேன். ஓராண்டு மத்தியானங்களை நான் எடுத்துக்கொண்டது எடுத்துக்கொண்டதுதான். ஒரு முறை அதைச் சொன்னபோது, "உடுங்க சார், நல்லா தூங்கினேன்" என்றார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் தினமும் பார்த்தவன்.

ஒரு நாடு சில வேலைகளைத் தன் மக்களுக்கென்று வைத்துக்கொள்வது நியாயமா என்று இப்போது கேட்டால், முன்பு போல நான்கு பக்கம் எழுத வராது. என் மகன் இன்னும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறான். அவன் இடத்துக்கு வந்த அம்மா பெருநாளன்று அவனுக்கு பிரியாணி அனுப்பினாராம். அந்த வேலைகளை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எதிர்ச்சாரி மரத்தடியில் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்காத எவனும் அப்படி ஒரு சட்டத்தை எழுதக் கூடாது. எழுதினவனே சொல்கிறேன்.

போன மாதம் வேப்பம்பட்டு ஓட்டுநர் எங்கள் வீட்டுக்கு வந்தார். லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடி ஏறி, கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு.

"சார், ஆறாவது ஒண்ணு எய்தணும். இந்த பைக் டாக்சிக்காரனுங்க நம்ம ஸ்டாண்டாண்டயே வந்து ஆள ஏத்திகினு பூட்றானுங்க. ஸ்ட்ராங்கா எய்துங்க. எந்த நேரத்திலும்னு போட்டுடுங்க."

சமையலறையில் என் மனைவி சிரிப்பது கேட்டது.

"அவங்க எங்கேருந்து வர்றாங்கன்னு ஒருத்தரையாவது கேட்டீங்களா?" என்றேன்.

"அத்த எதுக்கு சார் நான் கேக்கணும்?"

"என்கிட்ட பேனா இல்லம்மா."

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். பேனா அங்கேதான் இருந்தது. நானும் குனிந்து அதைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கீரைக்கட்டை மேஜை மேல் வைத்தார்.

"சரி, கேட்டுட்டு வர்றேன். அப்பால எய்துவீங்கல்ல?"

"முதல்ல கேட்டுட்டு வாங்க" என்றேன்.

பால்கனியிலிருந்து பார்த்தேன். தெருமுனையில் ஒரு பைக் டாக்சிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சவாரிக்காகக் காத்திருந்தார். இவர் நேராக அவரிடம் போனார். நான்கடி தள்ளி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னவோ கேட்டார். பிறகு கையை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனார்.