அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் காலை வகுப்பை முடித்து வெளியே வந்தபோது றீற்றாவின் அழைப்பு. "மரியதாஸ் அண்ணன் போயிற்றார், சேர். நெஞ்சு நோகுதெண்டு படுத்தவர், எழும்பவே இல்ல." அன்று நான் நடத்திய பாடம் அயல்நாடுகளின் கூட்டமைப்புகளைப் பற்றியது. அந்தப் பாடத்தின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

எங்கள் மீனவர் சங்கச் செயலாளரான மரியதாஸ் அண்ணனை அறிந்தவர்களுக்கு அவருடைய குரலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மூன்று பேர் இருக்கும் அறையிலும் வாவியின் அக்கரைக்குக் கூப்பிடுவதுபோலத்தான் பேசுவார். கொழும்பில் ஐந்து அயல்நாடுகள் கூடிய கூட்டத்துக்கு அவர் மீனவர் பிரதிநிதியாக வந்தார். நான் மொழிபெயர்க்கப் போனேன். பாதுகாப்பு, வணிகம், கூட்டு ரோந்து என்று பெரிய பெரிய விடயங்கள். அவர் கொண்டுவந்தது ஒரேயொரு வரி: இயந்திரம் பழுதாகி எல்லை தாண்டும் படகுக்காரரைச் சிறையில் வைக்காமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் சங்கத்து மீனவரான றீற்றாவின் கணவர் அப்படித்தான் இழுபட்டுப்போய் அயல்நாட்டுச் சிறையில் இருந்தார்.

மறுநாள் வந்த வரைவில் அந்த வரியைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறி போட்டிருந்தது. ஒரு நாடு மறுத்தாலும் போதும், இத்தகைய கூட்டங்களில் அப்படி அடைத்துவைப்பார்கள். உடன்பாடு வராவிட்டால் கடைசியில் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள். அண்ணனுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. உடனே றீற்றாவுக்கு அழைத்தார். "புள்ள, நம்மட வரிக்கு மட்டும் பெட்டி கட்டி வெச்சிருக்காங்க. அவ்வளவு முக்கியம் போல. இனிப் பயப்பிடாத!" நான் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். பாவி, வாய் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

மாலையில் வந்த இறுதி அறிக்கையில் வரி இல்லை. திரும்பும் பஸ்ஸில் விளக்கிச் சொன்னேன். முதன்முறையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "நான் போன் பேசக்குள்ளயே தெரியுமா, தம்பி?"

"ஓம்" என்றேன்.

அவர் மட்டக்களப்பில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் றீற்றாவின் வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன். "நான்தான் பிழையா விளங்கிற்றன், புள்ள." என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஐயோ அண்ணன், அப்பா வாறாரெண்டு பிள்ளையளுக்குச் சொல்லிற்றனே!" என்று றீற்றா கதறினார்.

பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே வரியைக் கொண்டுபோனார். ஒவ்வொரு முறையும் அதே பெட்டி, அதே முடிவு. எதற்கு இந்த வீண் அலைச்சல் என்று நான் சலித்துக்கொண்டால், "அடைச்சு வெக்கிறதுக்காவது ஒருக்கா வாசிக்கிறானுகள்தானே" என்பார்.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து வரும்போது றீற்றா என்னை நிறுத்தினார். கணவர் இன்னும் வரவில்லை.

"அந்தப் பெட்டி எண்டா என்னெண்டு உங்களுக்கு அண்டைக்கே தெரியும்தானே, சேர்?"

"ஓம். அண்ணன் சொன்னவரா?"

"அவர் ஒரு நாளும் சொல்லல்ல. வாசல்ல நிக்கக்குள்ள நீங்க என்ட முகத்தப் பார்க்கல்ல."

மடித்த தாளொன்றை நீட்டினார். அண்ணனின் கையெழுத்தில் அந்த ஒற்றை வரி. அவருடையதென்று என்னிடம் இருப்பது அதுதான். மொழிபெயர்ப்பவனுக்குச் சபையில் பேச உரிமை இல்லை என்று சொல்லப் பார்த்தேன்.

"அடுத்த கூட்டத்துக்கும் நீங்கதானே போறீங்க," என்றார் றீற்றா. "இந்த முறை வாயத் திறங்க, சேர்."