ரோட்டோரக் காட்டின் புழுதி

ஆடிக் காற்று எங்களுக்குப் புதிதல்ல. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசலில் பிறந்தவர்கள், ஆடி மாதம் சோற்றில் மண் கடிபட்டால் தட்டைத் தள்ளிவைக்க மாட்டார்கள். விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். நானும் ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படி விழுங்கியவன்தான். அந்தக் காற்றுக்கு நான் பயப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது ஜன்னல் கதவு ஒரு தடவை அடித்துக்கொண்டால் போதும், எழுந்து ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போடுகிறேன்.

எங்களுக்கு ஊருக்கு மேற்கே ரோட்டோரத்தில் மூன்று ஏக்கர் காடு. மழையை நம்பி விதைக்கிற நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்லுவோம். கோடையில் உழுதால் கரிசல் மண் பெரிய பெரிய கட்டியாகப் பெயர்ந்து கிடக்கும். அந்தக் கட்டியை அப்படியே போட்டுவைப்பதுதான் வழக்கம். காற்றால் கட்டியை ஒன்றும் செய்ய முடியாது. விதைப்புக்கு முன்னால் ஒரு மழை விழுந்தால் தானாக உதிர்ந்துவிடும். என் மனைவி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். கழுகுமலையில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் புறப்படும்போதுகூட, "கட்டி கெடக்கட்டும், அதுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

மறுநாளே கை வைத்தேன். யாருடைய கிணற்றுத் தோட்டத்துக்கோ போய்வந்த டிராக்டர் ஒன்று, கட்டியைப் பொடியாக்குகிற ரோட்டவேட்டரைப் பின்னால் மாட்டிக்கொண்டு ரோட்டில் போனது. கை காட்டி நிறுத்தினேன். ஊரில் எல்லோருக்கும் முந்தி என் காடு தயாராகிவிட வேண்டும் என்ற வீறாப்பு, வேறென்ன? சாயங்காலத்துக்குள் மூன்று ஏக்கரும் சலித்த மாவு மாதிரி ஆகிவிட்டது. கால் வைத்தால் கணுக்கால் வரை புதைந்தது. பெருமையாகக் கைபேசியில் படம்கூட எடுத்துவைத்தேன். ஆனால் அவள் இருட்டிய பிறகு கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியதும் அதைக் காட்டத் துணிச்சல் வரவில்லை. திட்டு வாங்குவதை ஒரு நாள் தள்ளிப்போடலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அவளுக்கு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் வரும், இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்தால் அடங்கிவிடும். அதனால் அதற்கும் நான் பயந்ததில்லை.

அவள் வந்த மறுநாள் மத்தியானம் காற்று கிளம்பியது. மேற்கே வானம் பழுப்பாகி, பிறகு கறுத்தது. மழை என்று நினைத்துக் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினாள். துணியோடு திரும்பியவள் வாசலைத் தாண்ட முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கி உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தேன். அப்படியும் ஓட்டு இடுக்கு வழியாகப் புழுதி இறங்கிக்கொண்டே இருந்தது. இன்ஹேலரை மூன்று தடவை இழுத்தாள், கேட்கவில்லை. மருந்தைப் புகையாக்கித் தருகிற மெஷின் ஒன்று வீட்டில் இருக்கிறது. காற்றுக்குக் கரண்ட் போய்விட்டதால் அது சும்மா கிடந்தது.

அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கைபேசியில் காற்றின் தரம் என்ன என்று பார்த்தேன். பச்சை நிறத்தில் 'நன்று' என்று வந்தது. அளக்கிற கருவி எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊர்க்காரர்கள் நன்றாக இருக்கட்டும். என் எதிரே ஒருத்தியின் தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. உதடு நீலம் பாரித்தது. செத்துப்போவாள் என்று நினைத்தேன். அந்த வார்த்தையை வேறு எப்படியும் மாற்றிச் சொல்லத் தெரியவில்லை.

தெருமுனையில் கடை வைத்திருக்கிற தம்பியிடம் கார் இருந்தது. போன் போட்டதும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"மதினியப் பின்னால உக்கார வைங்க அண்ணாச்சி. கண்ணாடிய நல்லா ஏத்திக்கிடுங்க."

அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஊரைத் தாண்டி அரை மைல் போயிருப்போம். திடீரென்று முன்னால் ரோடே இல்லை. விளக்கைப் போட்டும் தெரியவில்லை. காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். நாலாபக்கமும் கறுப்புப் புழுதி. கார் குலுங்கியது.

"எங்கன நிக்கோம்னே தெரியல. இந்த எடத்துல மட்டும் ஏன் இப்படி அப்புது? எந்தக் கோட்டிக்காரப் பய ஆடிக் காத்துல காட்டப் பொடியாக்கிப் போட்டுருக்கான்?" என்று ஸ்டீரிங்கில் அடித்தான்.

எனக்குத் தெரியும் எங்கே நிற்கிறோம் என்று. கண்ணாடி முழுதும் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. பக்கத்தில் அவள் நெஞ்சு விசிலடிப்பது காற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று நான் என் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

காற்று ஒரு நிமிடம் அசந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு கம்பில் கிழிந்த சிவப்புத் துணி படபடத்தது. போன வருடம் மயிலை விரட்ட அவளே கட்டிவைத்த அவளுடைய பழைய சேலை. அதைப் பார்த்தாள். அதற்குக் கீழே கட்டி ஒன்றுகூட இல்லாமல், புகை மாதிரி அடுக்கடுக்காகப் பறந்துகொண்டிருந்த எங்கள் மண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

எப்படி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. மாஸ்க் மாட்டினார்கள், ஊசி போட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் உதட்டில் நிறம் திரும்பியது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணுக்குத் தெரியிற தூசி மூக்கோட நின்னுரும். தெரியாத பொடிதான் நெஞ்சுக்குள்ள போவுது. காத்து நின்னாலும் அது மெதந்துக்கிட்டேதான் இருக்கும், ரெண்டு நாளைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார். ஊர் என்றதும்தான் எனக்கு உறைத்தது. அதே காற்றைத்தான் ஊரே இழுத்துக்கொண்டிருக்கிறது.

கடைக்காரத் தம்பி கட்டிலருகே நின்று இன்னும் ஆறாமல் பேசிக்கொண்டிருந்தான். "வீட்ல கைப்பிள்ளை இருமுதாம், இப்பத்தான் போன் வந்துச்சு. அந்தக் காட்டுக்காரன் யாருன்னு நாளைக்கு விசாரிக்கணும் அண்ணாச்சி. சும்மா விடக் கூடாது."

"ஆமா" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். கையை மெல்லத் தூக்கி மாஸ்க்கை விலக்கினாள்.

"அது எங்க காடுதான் தம்பி. நாங்கதான் ஓட்டுனோம்."

நர்ஸ் ஓடிவந்து திட்டிக்கொண்டே மாஸ்க்கை மறுபடி மாட்டினாள். அந்த இரண்டு வார்த்தைக்கே அவளுக்கு மறுபடியும் இழுக்கத் தொடங்கியிருந்தது. நான் நெஞ்சு நிறைய மூச்சை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.