ஒரு நகக்கண் ரோசின்

என் கணவரின் அண்ணனுக்கு, அதாவது என் மூத்தாருக்கு, என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. தீவில் மின்னி பே என்கிற இடத்தில் ஒரே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பேரும் சாப்பிட்டுத் தூங்க வேண்டியிருந்ததுதான் கொடுமை. அவர் படகு பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு வயலின் வாசிப்பார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். நான் தூத்துக்குடியில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரருக்குப் பிறந்தவள். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிக் கப்பலேறி வந்தபோது, கரண்ட் சோதிக்கிற அப்பாவின் பழைய மீட்டரைப் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். அதைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே மூத்தாரின் முகம் கடுத்துப்போனது.

ஜன்னலோரம் ஒரு மேசையை எனக்கு விட்டிருந்தார்கள். எனக்கென்று ஒரு ரேடியோவை அதில் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீடுகளில் நின்றுபோன செட்டுகளையும் பார்த்துக் கொடுத்தேன். பொம்பளை ரேடியோவைத் திறக்கிறாள் என்று முதலில் சிரித்தார்கள், பிறகு வரிசையாக வந்தார்கள். வீட்டில் அந்த ஒரு மேசை முன்னால்தான் நான் நானாக இருந்தேன்.

சாமான் வாங்குவதில் நான் சரியான கஞ்சம். அபர்தீன் பஜாரில் கிடைத்த சால்டரிங் அயர்ன், வாளி ஒட்டுகிறவர்களுக்கானது. சுத்தியல் கனம். அதைக் கொண்டுபோய் ரேடியோவுக்குள் வைத்தால் பக்கத்திலிருப்பதெல்லாம் கருகும். நான் தடித்த செம்புக் கம்பி ஒன்றின் முனையை ராவிக் கூராக்கி, மரப்பிடி போட்டு, கரி அடுப்பில் காய்ச்சிக்கொண்டேன். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அதுவே உத்தமம். ஈயத்துக்கு, மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டை உருக்கிப் பார்த்தேன். அது ஒட்டாமல் உருண்டு ஓடியது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் கொஞ்சம் வெள்ளீயம் வாங்கிக் கலந்த பிறகு பளிச்சென்று பிடித்தது. மலிவில் முடிக்க முடிகிற எல்லாவற்றையும் மலிவில் முடித்தேன்.

ரோசினில் மட்டும் அந்த வேலை நடக்காது. செம்பின் அழுக்கை எடுத்து ஈயத்தைப் பிடிக்க வைக்கிற மஞ்சள் பிசின் அது. வாளிக்காரர்கள் அதற்குப் பதில் ஆசிட் தடவுவார்கள். ஆசிட்டில் ஈயம் இன்னும் சுலபமாகவே பிடிக்கும். ஆனால் வாளியைக் கழுவலாம், ரேடியோவின் வயிற்றைக் கழுவ முடியாது. ஆசிட் உள்ளேயே உட்கார்ந்து கம்பியைத் தின்னும். வருஷத்தில் பாதிக்கு மேல் மழையும், மீதிக்கு உப்புக்காற்றும் அடிக்கிற தீவில் அதற்கு விருந்துதான். அப்பா அனுப்பியிருந்த ரோசின் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த பார்சல் வர, கப்பல் மனது வைக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மூத்தாரின் ரேடியோ நின்றது. திறந்து பார்த்தேன். உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருளில் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி, முனையில் விட்டிருந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்தால் தீர்ந்தது. என் கணவர் சமாதானம் பண்ணுகிற தோரணையில் ஒரு யோசனை சொன்னார்: அண்ணனுடைய ரேடியோவை நான் சரியாக்கிவிட்டால் மேசை எனக்கு நிரந்தரம், கெட்டுப்போனால் இந்த வேலையை இத்தோடு விட்டுவிட வேண்டும். என்னிடம் கேட்காமலே பேசி முடித்துவிட்டு வந்திருந்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தேன்.

எனக்குத் தெரிந்து ஊரில் அப்போது ரோசின் இருந்தது ஒரே இடத்தில். வயலின் வில்லில் தேய்க்க, மூத்தார் சிவப்பு வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருந்த கட்டி.

"அத்தான், ஒரு நகக்கண் அளவு போதும். மூலையில சொரண்டிக்கிடுதேன்," என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"கோயில் சாமானை எடுத்து ரேடியோவுல தேய்க்கணுமோ உனக்கு? ஒர்க்‌ஷாப்புல ஆசிட் கெடக்கு. அதுலயே காம் சலேகா, வேலை நடக்கும்."

கப்பல் வரும்வரை பொறுக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். மறுநாள் ஆசிட் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசையில் டக்கென்று வைத்தார்.

"ஆசிட் வச்சு நான் தொட மாட்டேன்," என்றேன். "மழையில செத்துரும்."

என் கணவர் வாசற்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மூத்தார் விடுவாரா? தகர வேலை செய்கிற ஆள் ஒருவரை வீட்டுக்கே கூட்டிவந்து, அதே ஆசிட்டைத் தடவி ஒட்டவைத்தார். ரேடியோ பாடியது. பெரிய வித்தைக்காரி என்று நினைத்தோமே, ஒரு சொட்டு ஈயத்துக்குப் பயந்துவிட்டாளே என்று சாப்பாட்டு வேளை தவறாமல் சொல்லிக் காட்டினார். மழை சீக்கிரம் வரட்டும் என்று மாதாவிடம் மனதார வேண்டிக்கொண்டேன். வெட்கமொன்றும் இல்லை.

மழை வந்தது. ரேடியோ முதலில் கரகரத்தது, பிறகு முனகியது, பிறகு ஒரேயடியாக நின்றது. மூத்தார் அதை என் மேசைக்குக் கொண்டுவந்து, கூடவே அந்த ரோசின் கட்டியையும் வைத்தார். பின்மூடியைக் கழற்றினேன். ஒட்டிய இடமெல்லாம் பச்சைக் களிம்பு. காயில் கம்பி சுற்றுக்குள்ளேயே அரித்துப் பொடிந்திருந்தது. காயிலே போய்விட்டது, இனி ரோசின் வைத்தும் பிரயோசனமில்லை என்று சொன்னேன். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. மேசை எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் தன் செட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பச்சை பூத்துக் கிடந்த ரேடியோவைப் பார்த்துத் திகைத்து, இது யார் வேலை என்று ஹிந்தியில் கேட்டாள்.

"இஸ்னே," என்றார் மூத்தார், என்னை மோவாயால் காட்டி.

இவள்தான் என்று அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமில்லை. அந்த மனிதரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? நான் என் கணவரைப் பார்த்தேன். அந்த அம்மாளும் அவரைத்தான் பார்த்தாள். அவர் தன் அண்ணனைப் பார்த்தார்.

"ஹாங், இஸ்னே," என்றார்.

அந்த அம்மாள் செட்டை மேசையில் வைக்கவே இல்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதை முந்தானையால் மூடிக்கொண்டு போய்விட்டாள். நான் தொடவே இல்லை என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். பாவமாகத் தலையாட்டினாள். கட்டியவனே ஒத்துக்கொண்ட பிறகு என் பேச்சை யார் நம்புவார்கள்? அதன்பின் ஒருவரும் செட்டைக் கொண்டுவரவில்லை. மேசை சமையற்கட்டுக்குப் போனது.

மறுநாள் காலையில் என் கணவர் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அண்ணன் மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்லுதது? நடந்தது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெறவென்ன?"

மூத்தார் என்னைப் பிடிக்காத மனிதர், பிடிக்காதவர் செய்வதைச் செய்தார். அவரை வெறுத்து வெறுத்து ஒரு கட்டத்தில் சலித்தே போய்விட்டது. வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டவரை வெறுப்பது எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை.

பின்னால் நாங்கள் தனியாக டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதிக்குக் குடிபோனோம். அங்கே அவர் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார், உயிராக வைத்திருந்தார். ஒருநாள் அது நின்றுவிட்டது. தட்டினால் பேசும், கையை எடுத்தால் நிற்கும். உள்ளே எங்கோ ஈயம் விட்டிருக்கிறது என்று அடுப்படியிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவர் அதைத் தட்டுவார், என்னைப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். கேட்க வாய் வரவில்லை அவருக்கு. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.