பஞ்சாலை ஒளித்து வைத்தவன்

ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பஞ்சாலை என்பவளுக்கு உயிருள்ளது, உயிரில்லாதது என்ற பேதமே கிடையாது. எல்லாமே 'அவன்'தான். உளி மழுங்கினால், "இவனுக்கு இன்னிக்கி வேலை செய்ய மனசில்ல" என்பாள். அடுப்பு புகைந்தால் அவனுக்கும் அர்ச்சனை உண்டு.

மகள் செல்லத்துக்கு மேல் முன்பல் விழுந்து இரண்டு வருஷமாகியும் புதுப்பல் முளைக்கவில்லை. படம் எடுத்துப் பார்த்த சிரம்பான் பல் டாக்டர், பல் ஈறுக்குள் சிக்கியிருக்கிறது, ஈறைக் கீறிக் கம்பி மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கலாம் என்றார். ஆனால் பள்ளிக்கூடத்துக் கேலிக்குப் பயந்து எந்நேரமும் கையால் வாயைப் பொத்திப் பழகிய செல்லம், கம்பி மாட்டப் போனபோது திறக்கவே இல்லை. அடுத்த தடவையும் இப்படியென்றால் தன்னால் ஆகாது என்று அவர் கைவிரித்துவிட்டார்.

அந்த அடுத்த தடவை இன்றுதான். பஞ்சாலை மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்ததால் வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் அது. அவர்களுக்கு அரிசி போகாமலிருக்க தோட்டத்து முள்வேலி கேட்டில் எல்லாரையும் சோதித்தார்கள். புதிதாக வந்த காவல்காரன் நல்லசாமி, "எங்க போறீங்க?" என்றான்.

"டாக்டருகிட்டதான் தம்பி. உள்ள ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். வெளிய வரவே மாட்டேங்கறான்."

நல்லசாமியின் துப்பாக்கி தோளிலிருந்து இறங்கியது. "எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

"யாரு சோறு போடறா?"

"நல்லா கேட்ட போ! நாந்தான். பெத்தவ போடாம வேற யாரு போடுவா?"

தொலைந்தது. காட்டிலிருப்பவனுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்பது தோட்டத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பஞ்சாலைக்குத்தான் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"நட ஸ்டேஷனுக்கு!" நல்லசாமி அவள் கையைப் பிடித்தான். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. "ஐயையோ, நான் சொன்னது..." என்று அவள் தொடங்கியது அவன் போட்ட சத்தத்தில் காணாமல் போயிற்று.

"பல்லு! எங்கம்மா பல்லச் சொல்லுது!" என்று கத்தினாள் செல்லம். கையை எடுத்துவிட்டு, வாயை ஆவென்று பிளந்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நல்லசாமியும் குனிந்து அந்த ஓட்டையை மிகவும் பொறுப்பாகச் சோதித்தான்.

"பல்லுன்னு சொல்றதுக்கு என்னா லா?" என்று முனகிக்கொண்டே வழிவிட்டான்.

பஸ்ஸுக்கு ஓடும்போதும் பஞ்சாலை மகளின் வாயையே பார்த்தாள். "அடி, இவ்ளோ பெரிய வாயா உனக்கு? டாக்டருகிட்டயும் இப்படித் தொறப்பியாடி?"

"நீ அங்க வாயத் தொறக்கலன்னா நான் தொறக்கறேன்" என்றாள் செல்லம்.